குரல் கேட்கிறது: ஆம் / இல்லை

எழுத்தர் தனக்குத் தானே அனுப்பிய இரண்டாவது நினைவூட்டலைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தபால்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அனுப்புநர் இடத்தில் இருந்த கையெழுத்தும், பெற்றுக்கொண்டதற்கு இப்போது விழுந்த கையெழுத்தும் ஒரே மாதிரி வால் நீட்டிக்கொண்டு நின்றன. "என்ன சார், நீங்களே போட்டு நீங்களே வாங்குறீங்க?" என்று கேட்டார். எழுத்தர் அதற்கு நீண்ட விளக்கம் ஒன்று சொன்னார். பதிவுத் தபாலில்தான் அனுப்பவேண்டும் என்று விதி இருப்பதையும், அனுப்பவேண்டிய ஆளும் பெறவேண்டிய ஆளும் ஒருவராகவே அமைந்துபோனது யார் குற்றமும் இல்லை என்பதையும் அதில் சொன்னார். தபால்காரருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எழுத்தரின் குரல் அப்படிப்பட்டது. தொண்டையில் கோளாறு எதுவும் கிடையாது. வார்த்தை உள்ளேயிருந்து நல்ல வேகத்தில்தான் கிளம்பும். பல்லருகே வந்ததும், யாருக்காவது இடைஞ்சலாகிவிடுமோ என்று யோசித்து அங்கேயே உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் பாதி நாள் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழுந்திருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இந்தக் கதி. அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, எழுத்து அவருக்கு அபாரமாக வந்தது. திருமணப் பதிவு அலுவலகத்தில் அவர் எழுதும் குறிப்புகளுக்கு மேலிடத்திலேயே பெயர் உண்டு. வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டால் கூடக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

நினைவூட்டல் சமாச்சாரம் இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் அவசரத்துக்கு ஒரு விதி போட்டார்கள். மணமக்கள் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே வீடியோவில் பதிவாளர் முன்னால் 'சம்மதம்' என்று சொன்னால் போதும், திருமணம் பதிவாகிவிடும். ஆறே மாதத்துக்கு என்றுதான் சொன்னார்கள். ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் என்றார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு துண்டுத்தாளாக வந்து சேர, எழுத்தர் அதைச் சட்டப் புத்தகத்தின் அதே பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். ஏழு துண்டு ஒட்டியதில் புத்தகம் அந்த இடத்தில் வயிறு உப்பி, எவ்வளவு அழுத்தினாலும் மூட மறுத்தது. கடைசியில் நீட்டித்து நீட்டித்து அவர்களுக்கே அலுத்துப்போய், தற்காலிக விதியை நிரந்தரச் சட்டமாக்கிவிட்டார்கள். ஆனால் சும்மா ஆக்கினால் அரசாங்கத்துக்கு என்ன மரியாதை? ஒரு கொக்கி வைத்தார்கள். தற்காலிகக் காலத்தில் பதிவான ஜோடிகள் தொண்ணூறு நாளுக்குள் நேரில் வந்து, ஒருவர் சம்மதத்தை மற்றவர் கேட்டார் என்ற உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன் எழுத்தர் அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்து இரண்டு கட்டங்களை நிரப்பவேண்டும். முகம் தெரிகிறது: ஆம் / இல்லை. குரல் கேட்கிறது: ஆம் / இல்லை. குரல் கேட்காத ஆள் கவுண்ட்டரில் நின்று, வாய் திறந்து, மறுபடி சம்மதம் சொல்லவேண்டும். தொண்ணூறாவது நாள் மாலை ஐந்து மணிக்குள் வராதவர்களின் பதிவு ரத்து.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள். எழுபத்தைந்து நாளில் முந்நூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே ஜோடி, எழுத்தரும் அவர் மனைவியும்.

மற்ற வீடியோக்களைப் பார்த்த நாட்களில் எழுத்தருக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒரு மாப்பிள்ளை இடுப்புக்கு மேலே கோட்டும் டையுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்து, மின்விசிறி போட எழுந்தபோது கீழே அரைக்கால் சட்டையோடு காட்சி தந்தார். ஒரு பெண் 'சம்மதம்' சொல்ல வாய் திறந்த நேரத்தில் படம் உறைந்து, இரண்டு நிமிடம் கொட்டாவி விடுவதுபோலவே இருந்தாள். ஒரு மாமனார் முழு நிகழ்ச்சியும் கேமராவை நெற்றியால் மறைத்துக்கொண்டிருந்தார். இவர்களெல்லாம் பரவாயில்லை. பதினோரு பேருக்கு வாய் மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. மைக்கை அணைத்து வைத்துக்கொண்டே கல்யாணம் செய்திருக்கிறார்கள்! கவனம் என்பதே கிடையாது இந்த ஜனங்களுக்கு என்று எழுத்தர் உச்சுக்கொட்டினார். பதினோரு பேரையும் கவுண்ட்டருக்கு வரவழைத்து, கண்ணாடியை விரல் நகத்தால் தட்டி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டி, கேட்கவில்லை, சத்தமாக, இன்னும் சத்தமாக என்று சைகை செய்து சொல்ல வைத்தார். ஒரு லாரி ஓட்டுநர் சொன்ன சம்மதத்தில் மாடியில் இருந்த நில அளவைப் பிரிவு எட்டிப் பார்த்தது. ஒரு பேராசிரியருக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. எழுத்தர் இதையெல்லாம் இராத்திரி சாப்பாட்டின்போது மனைவிக்குத் தன் பாணியில் முணுமுணுத்துச் சொல்லிச் சிரிப்பார். அவளும் கேட்டுக்கொள்வாள். அவர் பேசுவது சிரமமில்லாமல் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அது அவள் தொழில். காது பரிசோதனை நிலையத்தில் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியே இருந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்கவேண்டும். "நல்லா கேட்டா கை விருட்டுனு மேல போயிரும். சந்தேகமா இருந்தா பாதியில நிக்கும். பாதிக் கைக்கெல்லாம் நாங்க ஆம் போட மாட்டோம். இன்னும் கொஞ்சம் கூட்டுவோம்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். கேட்காததைக் கேட்டதாக எழுதிவிட்டால் ஒருவருடைய காதே பாழாகிவிடும் என்பாள். அந்த விஷயத்தில் அவள் எழுத்தரைவிடக் கறார்.

அப்படிப்பட்டவள் இந்தப் படிவத்துக்கு மட்டும் தண்ணி காட்டினாள். முதல் அறிவிப்பை வாசித்துவிட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் மாட்டினாள். "இந்த வாரம் லீவு கிடையாது." முதல் நினைவூட்டல் வந்தது. அதற்கு மேல் அதை மாட்டினாள். "அடுத்த வாரம் கூட்டம் ஜாஸ்தி." இப்போது இரண்டாவதையும் மாட்டினாள். காந்தம் கனம் தாங்காமல் சரிந்தது. இன்னொரு காந்தத்தைத் தேடி எடுத்து வைத்தாளே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை.

எழுத்தர் பழையதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். இருவரும் வீட்டார் பேசி முடித்து, நேரில் இரண்டே தடவை பார்த்து, அதற்குள் சாலையெல்லாம் அடைபட்டு, அவர் இங்கே வாடகை அறையிலும் அவள் அங்கே அண்ணன் வீட்டிலுமாக வீடியோவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சாலை திறந்த மறுநாள் ஒரு பெட்டியோடு அவள் வந்து இறங்கினாள். நான்கு வருஷம் ஓடிவிட்டது. இப்போது யோசிக்கிறாளோ? வெளியே போக அரசாங்கமே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, யார்தான் ஒரு நிமிடம் நின்று யோசிக்கமாட்டார்கள்? இந்த நினைப்பு வந்ததிலிருந்து அவர் தற்காலிக ஊழியர் வேலை நிரந்தரமாவதற்கு முன்னால் நடந்துகொள்வதுபோல் நடக்க ஆரம்பித்தார். ஒரு வருஷமாகச் சொட்டிய குழாயைச் சரிசெய்தார். துணிகளை ஓரம் பிசகாமல் மடித்து வைத்தார். பரணைத் துடைத்தார். பரணிலிருந்து இறங்கி வந்தவரின் நெற்றியில் அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். துடைத்த துணியை உதறிக்கொண்டு மறுபடி பரணில் ஏறினார்.

அலுவலகத்தில் தட்டச்சு அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்றால் தாளில் எழுதி நீட்டினார். தட்டச்சு அக்கா பதவி உயர்வு மூன்றையும் வேண்டாமென்று மறுத்துவிட்டு அதே ஜன்னலோரத்தில் இருப்பவர். அந்த அலுவலகத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

"மூணு நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்களே தம்பி, வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டீங்களா?"

எழுத்தர் நீட்டிய தாளைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"அவளுக்கு என்ன வருத்தம்னு அந்த வீடியோவுலயே இருக்கோ என்னவோ. உங்க வீடியோவைப் பார்த்தீங்களா இல்லையா?"

பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவைத்திருந்தார். தன் கோப்பில் இரண்டு கட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடலாம் என்பது அவர் எண்ணம்.

மதிய இடைவேளையில், எல்லாரும் சாப்பிடப் போனதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டாவது கோப்பைத் திறந்தார். திரையில் மூன்று சதுரங்கள். ஒன்றில் அப்போதிருந்த பழைய பதிவாளர், நாள் முழுக்க முகங்களைப் பார்த்துச் சலித்த கண்களோடு. ஒன்றில் அவள், பின்னால் அண்ணன் கைகட்டி நின்றான். மூன்றாவதில் தானே, இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றி நிறைய வேர்வையுமாக. பதிவாளர் அவளிடம் கேட்டார். "சம்மதம்" என்று அவள் சொன்னது மணி அடித்ததுபோல் தெளிவாக விழுந்தது. பிறகு இவரிடம் கேட்டார். இவர் உதடு அசைந்தது. அழகாக, நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் அசைந்தது. ஹெட்போனில் ஒன்றும் இல்லை. எழுத்தர் ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். திரையில் அவருடைய சதுரத்தின் மூலையில் குறுக்குக் கோடு போட்ட சின்ன மைக் படம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு அப்போது ஒரு சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. மணமக்களுக்கான அறிவுறுத்தல்கள், நான்காவது பத்தி: 'இரைச்சலைத் தவிர்க்கும் பொருட்டு இணைப்பில் இருக்கும் நேரம் முழுவதும் மைக்கை அணைத்து வைக்கவும்.' சம்மதம் சொல்லும்போது மட்டும் போடவும் என்று ஐந்தாவது பத்தி ஒன்று இருந்திருக்கவேண்டும். இல்லை. எழுதியவர் விட்டுவிட்டார். எழுதியவர் இவர்தான். அறிவுள்ள முந்நூறு மாப்பிள்ளைகள் அந்தச் சுற்றறிக்கையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு அப்பாவிகள் அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள். பேராசிரியரின் சிவந்த காது நினைவுக்கு வந்து எழுத்தரின் காதும் சிவந்தது.

ஆனால் வீடியோ முடியவில்லை. பதிவாளர் பேனாவோடு காத்திருந்தார். "இணைப்பு இழுக்குதா என்னன்னு தெரியல. மாப்பிள்ளை சொன்னது உனக்குக் கேட்டுச்சாம்மா?" என்றார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. திரையை, அதாவது இவரை, பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்தர் எண்ணினார், நான்கு விநாடி. பிறகு, "கேட்டுது" என்றாள்.

எழுத்தர் அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் கேட்டுது என்றே சொன்னாள். கேட்காததைக் கேட்டதாக எழுதினால் ஒருத்தர் காதே பாழாகும் என்பவள், அரசாங்க அதிகாரி முன்னால், முகத்தை மாற்றாமல் சொல்லியிருக்கிறாள். நான்கு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. எழுத்தருக்குக் கண் கலங்கியது. பேனா கட்டத்தின் மேலே நின்றது. 'ஆம்' போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கோப்பு மேலே போய்விடும், முத்திரை விழுந்துவிடும், ஊர் வாயும் மூடியிருக்கும். அவர் தன் பெயருக்கு நேரே, குரல் கேட்கிறது என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதினார். அவர் கையெழுத்து முதல் தடவையாகக் கோணியது.

அன்று மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே நின்று சொன்னார். எழுதி நீட்டவில்லை.

"நம்ம வீடியோ பாத்தேன்."

"ம்."

"நான் சொன்னது ஒண்ணுமே கேக்கல."

"தெரியும்" என்றாள். பையை ஆணியில் மாட்டினாள்.

"அப்புறம் ஏன் கேட்டுதுன்னு சொன்ன?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எங்கண்ணன் பின்னாடி நிக்கறான். அந்த சார் பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். உங்களைப் பாத்தேன். நெத்தியெல்லாம் அவ்ளோ வேர்வை. இந்த மனுஷன் என்ன சொன்னாரோ, முழு மனசோடதான் சொல்லியிருப்பாருன்னு தோணிச்சு. சொல்லிட்டேன்." குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். "அன்னைக்கு வாயால சொன்னதோட சரி. கேக்காததைக் கேட்டேன்னு இப்போ கையெழுத்து வேற போடச் சொன்னா, என்னால முடியாதுங்க. வேற யாருக்கா இருந்தாலும் முதல் தடவையே சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் கட்டத்துல இல்லைன்னு போட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இது அவள் எதிர்பார்க்காதது. எழுத்தருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இங்கேயே இப்போதே சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார்.

"சம்ம..."

"இங்க வேண்டாம்" என்று அவள் கையைக் காட்டித் தடுத்தாள். "பதினோரு பேரைக் கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொல்ல வெச்சுட்டு வந்து சிரிச்சீங்கல்ல? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"நீ வருவியா?"

"லீவு கிடைச்சா பாக்கலாம்" என்று எழுந்து உள்ளே போனாள்.

அந்த இரண்டு வாரம் எழுத்தர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பயிற்சி செய்தார். தண்ணீர்தான் ஜெயித்தது.

தொண்ணூறாவது நாள். கடைசி நாளில் கவுண்ட்டர் எழுத்தர் ஐந்து மணிவரை இருக்கையை விட்டு நகரக்கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. அவரும் சம்மதம் சொல்லவேண்டிய ஆளாயிற்றே, வெளியே நிற்க வேண்டாமா என்று புதிய பதிவாளர் அம்மாவிடம் குறிப்பு எழுதிக் கேட்டார். பதிவாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, "நீங்க உள்ள இருந்தே சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு சாட்சிக் கையெழுத்துப் போடறேன். அவங்க வரட்டும் முதல்ல" என்றார்.

அவங்க வரட்டும் என்பதுதானே பிரச்சினை. மூன்று மணிக்கு வரவில்லை. நான்கு மணிக்கு வரவில்லை. வேறு வேலைகளுக்காக வந்த கூட்டம் கூடம் நிறைய நின்றது. தொற்றுக்காலத்தில் தரையில் ஒட்டிய மஞ்சள் வட்டங்கள் பாதி தேய்ந்தும் இன்னும் இருந்தன. சனங்கள் பழக்கதோஷத்தில் அதன் மேலேயே நின்றார்கள். கிருமிநாசினி வைத்த கம்பியில் இப்போது குடைகள் தொங்கின. கவுண்ட்டர் கண்ணாடியும் அப்போது மூன்று மாதத்துக்கு என்று போட்டதுதான். நான்கு மணி நாற்பதுக்கு வாசலில் அவள் வேலையிடத்து வெள்ளைக் கோட்டு தெரிந்தது. எழுத்தருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தட்டச்சு அக்கா எழுந்து நின்று, "நேரா வாம்மா முன்னாடி!" என்று கூப்பிட்டார். அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, டோக்கன் எடுத்துக்கொண்டு, கடைசி வட்டத்தில் போய் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஐந்து பேர். எழுத்தர் தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக முத்திரை குத்தியதில்லை. நான்காவது ஆள் பிறந்த தேதியைத் தேடிப் பைக்குள் முழுத் தலையையும் நுழைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. நான்கு மணி ஐம்பத்தாறுக்கு அவள் கண்ணாடிக்கு முன்னால் வந்து, மூன்று அறிவிப்புகளையும் ஒழுங்காக அடுக்கி உள்ளே தள்ளினாள். யாரோ ஒரு பொதுசனம்போல் நின்றாள். பதிவாளர் அம்மா பேனாவோடு வந்தார்.

எழுத்தர் சொன்னார்.

அவள் புருவத்தை உயர்த்தினாள். பிறகு கண்ணாடியை விரல் நகத்தால் டக் டக்கென்று தட்டி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டினாள்.

எழுத்தர் மறுபடி சொன்னார். பக்கத்தில் நின்ற பதிவாளர் அம்மாவுக்கே விழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "சார் என்ன சொல்றார்? நாளைக்கு வரச் சொல்றாரா?" என்று கவலைப்பட்டார். "சத்தமா சொல்லுங்க சார், எல்லாருக்கும் நேரமாகுது!" என்றது இன்னொரு குரல். அப்போதுதான் எழுத்தர் பார்த்தார். கண்ணாடியில் பேசுவதற்காகப் போட்டிருந்த வட்டத் துளையை அடைத்துக்கொண்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிந்தன. சத்தமாகப் பேசவும். அழகான கையெழுத்து. அவருடையதுதான்.

துளைக்குள் விரலை விட்டுத் தாளைக் கிழித்தார். வெளிக்காற்று முகத்தில் பட்டது. கூடவே அவள் வேலையிடத்து மருந்துவாடையும். துளைக்கு நேரே வாயைக் கொண்டுபோனார். வார்த்தை வழக்கம்போல் பல்லருகே வந்து உட்காரப் பார்த்தது. உட்காராதே என்று மனதுக்குள் அதட்டினார்.

"சம்மதம்."

குரல் நடுவில் உடைந்து, கீச்சென்று, ஆனாலும் வெளியே வந்துவிட்டது. தட்டச்சு ஓசை நின்றது. பதிவாளர் அம்மா பேனாவின் மூடியைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இரண்டு நிமிடம்.

அவள் படிவத்தையும் பேனாவையும் தொடவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்காரும் ஆட்கள் போலவே கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெகு தூரத்து ஒலி ஒன்றுக்குக் காது கொடுப்பதுபோல் நின்றாள். வலது கை மெல்ல எழுந்தது. இடுப்பைத் தாண்டியது. தோள் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

எழுத்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உதட்டோரச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாதியில் நின்ற கை காத்துக்கொண்டிருந்தது.